ஆட்டுக்கிடையும் மண் வளமும்

உழவும் மேய்ச்சலும் ஒன்றற்கொன்று பகை என்று கருதுவோர் இன்று பலர். பயிர் விளையும் இடத்தில் ஆட்டுக்கு இடமில்லை என்பதும், ஆட்டின் வாய் பட்ட நிலம் தரிசாகும் என்பதும் அவர்தம் முடிபு. தமிழர்தம் பழைய வாழ்வை ஊன்றி நோக்குவார்க்கு இம்முடிபு பொருந்தாமை எளிதில் விளங்கும். நிலத்தைக் கெடுப்பது ஆட்டின் வாய் அன்று. ஓரிடத்திலேயே நெடுநாள் தங்கிவிட்ட ஆட்டின் வாயே ஆகும். காலம் அறிந்து வந்து, காலம் அறிந்து பெயரும் மந்தை மண்ணை வளர்க்கும். இவ்வுண்மையை நம் முன்னோர் 'கிடை' என்னும் இரண்டெழுத்துச் சொல்லில் பொதிந்து வைத்தனர். அச்சொல்லின் வரலாற்றைப் பங்காருபேட்டையில் இருந்துகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடுவண் அரசின் அலுவலகத்தில் கோப்புகளிடையே பொழுதைக் கழிக்கும் நாம் உழவரும் அல்லோம், ஆயரும் அல்லோம். ஆயினும் தங்கவயலிலும் பங்காருபேட்டையிலும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் பல, பழைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களின் வானம் பார்த்த சிற்றூர்களிலிருந்து புறப்பட்டவை. சுரங்கத்துள் இறங்குமுன் நம் பாட்டன்மாருள் பலர் ஏரின் பின்னும் ஆட்டின் பின்னும் நடந்தவர்கள். அவர்கள் விட்டு வந்த அறிவு யாது என்று உசாவுவது நம் கடன் அன்றோ?

சுழற்சி மேய்ச்சல் என்பது யாது?

அண்மைக் காலத்தில் மேனாட்டு வேளாண் நூலோர் 'சுழற்சி முறை மேய்ச்சல்' என்ற ஒன்றைப் பெரிதும் பேசுகின்றனர். உரத்தாலும் மருந்தாலும் களைத்துப்போன மண்ணை மீட்கும் வேளாண்மையில் இது ஓர் உறுப்பு என்பர். இதன் வகையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஐந்து ஏக்கர் புல்நிலம் உடைய சிறு பண்ணை ஒன்றைக் கொள்வோம். அதனை 30 துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 சென்ட் பரப்புடையதாகும். ஒரு துண்டில் இரண்டு நாள் மட்டும் செம்மறி ஆடுகளை மேயவிட்டு, மூன்றாம் நாள் அடுத்த துண்டுக்கு மாற்றிக்கொண்டே சென்றால், முதல் துண்டுக்கு மந்தை திரும்பி வர 60 நாள் ஆகும். இடையே 58 நாள் அந்நிலத்துக்கு ஓய்வு கிடைக்கும்.

ஓய்வின் பயன் யாது? ஆடு கடித்த புல் தன் அடித்தாளிலும் வேரிலும் சேமித்த உணவைச் செலவிட்டே மீண்டும் தளிர்க்கிறது. அத்தளிர் வளர்ந்து, ஞாயிற்றின் ஒளியால் உணவு சமைத்து, வேருக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பித் தந்த பின்னர் மீண்டும் கடிபட்டால் கேடில்லை. திருப்பித் தருமுன்னரே இரண்டாம் கடி விழுந்தால் வேர் இளைக்கும். மூன்றாம் கடியில் புல் மடியும். பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆந்திரே வாசான் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட புல் விளைச்சல் பற்றிய நூலில், மிகை மேய்ச்சல் என்பது ஆடுமாடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று, அவை தங்கும் காலத்தையும் நிலம் ஓயும் காலத்தையும் பொறுத்தது என்று நிறுவினார். நூறு ஆடு ஒரு நாள் மேய்வதைவிடப் பத்து ஆடு ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் மேய்வது தீங்காகும் என்பது இதனாற் போதரும்.

ஆட்டுக்கும் இதனால் நலம் உண்டு. புழுக்கையோடு விழும் குடற்புழு முட்டைகள் பொரித்து, நோய் தரும் பருவத்தை அடையச் சில நாள் ஆகும். அதற்குள் மந்தை பெயர்ந்துவிட்டால் புழு வாயில்லாமல் வாடும். 1990களில் தொங்கா தீவில் வெள்ளாடுகளைக் கொண்டு செய்த ஆய்வில், நிலத்தைப் பத்துப் பிரிவாக்கி ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் மேயவிட்டபோது புழுத் தொல்லை பெரிதும் குறைந்தது.

முல்லை நிலத்து ஆயர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தொல்காப்பியம் வகுத்த நானிலத்துள் முல்லை ஆயர்க்கு உரியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, செம்மறியும் வெள்ளாடும் தங்கும் ஆயர் குடியிருப்பை விரித்துரைக்கிறது. முள்ளிட்ட வேலியும், அதனுள்ளே படிந்து கிடக்கும் எருவும் புலவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அகநானூற்றில் இடைக்காடனார் காட்டும் இடையனோ, ஒருபுறம் தூறல் நனைக்கத் தண்டின்மேல் கால் ஊன்றித் தனியே நின்று, சீழ்க்கை ஒலியால் நரியை வெருட்டுகிறான். இரவில் காட்டிடையே மந்தையைக் காத்து நின்ற வாழ்வு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு முந்தையது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

சொற்களும் சான்று கூறும். ஆடுகளை அடைக்கும் இடம் பட்டி. அதுவே சிற்றூருக்கும் பெயராகித் தமிழகமெங்கும் எண்ணற்ற ஊர்ப்பெயர்களின் ஈறாக நிற்கிறது. கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிய, அது 'ஹட்டி' ஆயிற்று. செம்மறியைக் கன்னடர் 'குரி' என்பர். தெலுங்கர் 'கொர்ரெ' என்பர். தமிழிலும் 'கொறி' என்ற பழஞ்சொல் உண்டு. மூன்று மொழியும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் பங்காருபேட்டையில் வாழும் நமக்கு, இவ்வுறவு நூலில் படித்தறிய வேண்டியதன்று; நாள்தோறும் காதால் கேட்பதே ஆகும்.

சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆடு பெரிதும் பேசப்படுகிறது. கோயிலில் அணையா விளக்கு எரிக்க விரும்பியோர் பொன்னையோ நிலத்தையோ கொடுத்ததுபோல் ஆடுகளையும் கொடுத்தனர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் அளிக்கப்பட்டன. பிற ஊர்களில் 90 ஆடு என்ற கணக்கும் பெருவழக்காக உண்டு. அவற்றை ஏற்றுக்கொண்ட ஆயர் மன்றாடி எனப்பட்டனர்.

இவ்வாடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கும். சாகாத ஆடு, மூப்படையாத ஆடு என்பது பொருள். ஆடு சாகாதோ என்று நகைப்பார் உளர். கருத்து அதுவன்று. கிழடாகும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்து நிற்க வேண்டும். எண்ணிக்கை குறையாமல் காப்பது ஆயர் கடமை. மிகுதி அவர்தம் ஊதியம். முதல் அழியாமல் ஆக்கத்தை மட்டும் நுகரும் இவ்வொழுங்கு வெறும் கோயிற்கணக்கு அன்று. பெரியதொரு பொருளியல் அறம். முதலாகிய மந்தை அழியாதிருக்க வேண்டுமானால் அது மேயும் புல்லும் அழியாதிருத்தல் வேண்டும். இடம் மாறி மேய்த்தல் அன்றி அதற்கு வேறு வழி யாது?

கோலார் நாடும் இவ்வுலகுக்கு அயலானதன்று. குவலாலம் எனப் பழம்பெயர் பெற்ற இப்பகுதி சோழர் ஆட்சியில் நிகரிலிச் சோழ மண்டலத்தின் உறுப்பாக விளங்கிற்று. கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். தமிழர் இம்மண்ணுக்குச் சுரங்கத்தோடுதான் வந்தனர் என்பது முழு உண்மை அன்று.

கீதாரியும் கிடையும்

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் ஆயர், மந்தைகளோடு ஊர் விட்டு ஊர் செல்வர். அவர்தம் தலைவர் கீதாரி எனப்படுவார். காவிரிப் பாசன நிலங்களில் அறுவடை முடிந்ததும் இம்மந்தைகள் அங்கே சென்று சேரும். பகலில் அறுவடையான வயல்களிலும் தரிசுகளிலும் கரைகளிலும் மேயும். இரவில் நிலவுடையவர் ஒருவரின் வயலில், வலையோ படலோ சுற்றிலும் நட்டு ஆடுகளை மடக்குவர். இளங்குட்டிகளைத் தனிக்கூட்டில் அடைப்பர். விடிந்ததும் மந்தை மேய்ச்சலுக்குப் புறப்படும். மறுநாள் இரவு படல் வேறிடத்துக்குப் பெயரும். இவ்வாறு படல் நகர்ந்து நகர்ந்து வயல் முழுதும் எரு பெறும். இதற்கு ஆயர் நெல்லாகவோ பணமாகவோ கூலி பெறுவர்.

கிடையும் மேனாட்டார் கூறும் சுழற்சி மேய்ச்சலும் முற்றும் ஒன்றல்ல. அங்கே வேலிக்குள் புல்லுக்கு ஓய்வு தருவது முதன்மை. இங்கே பயிர்நிலத்துக்கு எரு தருவது முதன்மை. அங்கே நிலமும் ஆடும் ஒருவருக்கே உரியவை. இங்கே நிலம் ஒருவருடையது, ஆடு மற்றொருவருடையது. ஆயினும் 'தங்காதே, பெயர்' என்னும் உயிர்நிலை இரண்டுக்கும் பொது.

கிடையின் சிறப்பு, புழுக்கையோடு ஆட்டின் சிறுநீரும் மண்ணில் நேரே சேர்வதாகும். தொழுவத்தில் கட்டிய மாட்டின் சிறுநீரில் பெரும்பகுதி வீணாகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கின்படி ஆட்டு எருவில் சராசரியாகத் தழைச்சத்து 3 விழுக்காடு, மணிச்சத்து 1 விழுக்காடு, சாம்பல்சத்து 2 விழுக்காடு உண்டு. தொழு எருவில் தழைச்சத்து அரை விழுக்காட்டளவே. கிடை போட்ட பின் மேலோட்டமாக உழுது எருவை மண்ணில் கலக்க வேண்டும் என்றும் அவர்கள் அறிவுறுத்துவர்; வெயிலில் விட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். ஆட்டெரு அவ்வாண்டே பலன் தரும், மாட்டெரு மறுவாண்டு தரும் என்ற உழவர் பழமொழி இவ்வாய்வுக்கு நெடுநாள் முந்தியது. உழவு அதிகாரத்தில் ஏரினும் எருவை உயர்த்திப் பேசிய வள்ளுவப் பெருந்தகையின் உள்ளமும் இதுவே.

இவ்வாழ்வைத் தமிழ் இலக்கியமும் மறக்கவில்லை. கி. ராஜநாராயணன் 'கிடை' என்ற குறுநாவலையும், சு. தமிழ்ச்செல்வி 'கீதாரி' என்ற நாவலையும் படைத்தனர். ஆயர் வாழ்வை இன்பமயமாகப் பாடுவது எளிது. உண்மையில் அது மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் உறங்கும் வாழ்வு. மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை மிகுதியாக மேய்ந்த ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும். நீலநாக்கு நோயும் ஆட்டுக்கொல்லி நோயும் மந்தையையே வாரிக்கொண்டு போகும். பிள்ளைகளின் படிப்பு ஊருக்கு ஊர் அறுபடும்.

கோலார் மண்ணிலும் மைசூர் நாட்டிலும்

கோலார் வட்டாரம் செம்மண் பூமி, ஏரிகள் மலிந்தது, கேழ்வரகு விளைவது. ஆடி ஆவணியில் பயிர் எழும். கார்த்திகை மார்கழியில் கதிர் அறுபடும். அதன்பின் அடுத்த மழை வரையில் கொல்லைகள் வெறுமையாகக் கிடக்கும். இவ்வெறுமைக் காலமே மந்தைக்கு வாய்ப்பான காலம். இந்நாட்டுக் குறும்பர் ஆடு மேய்த்தலோடு கம்பளி நெய்தலிலும் வல்லவர். 1800ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டுக் கோலார் வழியாக மைசூர் நாடு முழுதும் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன் தம் பயணக் குறிப்பில் இக்குடியினரைப் பற்றியும் எழுதினார்.

மைசூர் அரசும் இடம் மாற்றி மேய்க்கும் முறையை நன்கு அறிந்திருந்தது. சிக்கதேவராச உடையார் தொடங்கி, பின்னர்த் திப்பு சுல்தான் 'அமிர்த மகால்' எனப் பெயரிட்ட அரசுக் கால்நடைத் துறைக்கு 'காவல்' எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் நாடெங்கும் இருந்தன. அவை கோடைக்கு உரியவை, மழைக்காலத்துக்கு உரியவை, குளிர்காலத்துக்கு உரியவை என மூவகைப்பட்டன. பருவந்தோறும் மந்தை மாறியது. விட்டு வந்த நிலம் தளிர்த்தது. சிறு பண்ணையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிகழ்வது, அங்கே ஒரு நாடளவில் பருவத்துக்கு ஒருமுறை நிகழ்ந்தது.

பிற நாட்டுச் சான்று

இங்கிலாந்தின் தென்பகுதியில் சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு. அங்கே பகலெல்லாம் குன்றின் புல்லை மேய்ந்த ஆடுகளை இரவில் இறக்கி, உழுநிலத்தில் படல் கட்டி அடைத்து, நாள்தோறும் படலைப் பெயர்த்து வைத்தனர். நம் கிடைக்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. ஆட்டின் குளம்பு பொன்னானது என்று அந்நாட்டு உழவர் போற்றினர். ஸ்பெயின் நாட்டிலோ 1273ஆம் ஆண்டு பத்தாம் அல்போன்சோ மன்னர் ஆயர் சங்கத்துக்கு உரிமை அளித்தார். 'மெஸ்தா' எனப்பட்ட அச்சங்கம் 1836ஆம் ஆண்டு வரை நிலைத்தது; மந்தைகள் செல்லும் வழிகள் சட்டத்தால் காக்கப்பட்டன.

இம்முறை எங்கும் எதற்கும் மருந்து என்று கூறுதலும் தவறாகும். சிம்பாப்வே நாட்டு ஆலன் சேவரி, மந்தைகளைத் திட்டமிட்டு நகர்த்தினால் பாலையாகும் நிலங்களையெல்லாம் மீட்கலாம் என 2013ஆம் ஆண்டு உரையாற்றி உலகின் கவனத்தைக் கவர்ந்தார். அறிவியலார் பலர் அதனை மறுத்தனர். வறண்ட புல்வெளிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பிரிஸ்க் குழுவினர், சுழற்சி முறை எப்போதும் மேலான பயனைத் தருவதில்லை என்று 2008ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர். மழையும் மண்ணும் அறிந்து மந்தையைப் பெயர்க்கும் ஆயரின் கண் இல்லாவிடில், நாள்காட்டியும் வேலியும் மட்டும் மண்ணை மீட்கமாட்டா என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு.

கிடை குறைந்தது ஏன்?

இத்துணைப் பயனுடைய முறை ஏன் தளர்ந்தது? முதற்காரணம் உரம். 1842ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் லாஸ் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1913ஆம் ஆண்டு ஜெர்மனியில் காற்றிலிருந்து தழைச்சத்து ஆக்கும் தொழிற்சாலை எழுந்தது. மூட்டையில் உரம் வந்தபின் படல் கட்டுவோர் குறைந்தனர். நம் நாட்டிலும் பசுமைப் புரட்சிக்குப் பின் யூரியா கிடையின் இடத்தைப் பிடித்தது.

இரண்டாம் காரணம் நிலம் ஓயாமை. ஆழ்துளைக் கிணறு வந்தபின் பயிருக்குப் பின் பயிர் என்றாயிற்று; மந்தைக்குரிய வெறுமைக் காலம் மறைந்தது. மூன்றாம் காரணம் பொதுநிலம் சுருங்கியமை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளில் மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கோலார் மாவட்டத்தில் 1980களில் சமூகக் காடு வளர்ப்பின் பேரால் கேழ்வரகுக் கொல்லைகளிலும் தைலமரம் பரவிற்று. அதன் இலையை ஆடு தின்னாது. அதன் நிழலில் புல்லும் செழிக்காது. நிலத்தடி நீர் வற்றுவது கண்டு கருநாடக அரசு 2017ஆம் ஆண்டு தைலமரம் புதிதாக நடுவதைத் தடை செய்தது. அதற்குள் ஒரு தலைமுறை மந்தையை விற்றுவிட்டது.

இம்மூன்றினும் பெரியது நான்காம் காரணம். கிடை என்பது நிலமற்ற ஆயருக்கும் மந்தையற்ற உழவருக்கும் இடையே நின்ற ஓர் உடன்படிக்கை. எழுத்தில் இல்லாது சொல்லில் நின்றது. சாதி, ஊர் கடந்து ஆண்டுதோறும் புதுக்கப்பட்டது. வருவோனை வழிப்போக்கனாக மட்டும் எண்ணி நிலமுடையோர் முகம் திருப்பிய அன்றே அவ்வுடன்படிக்கை ஆட்டங்கண்டது. பெயர்ந்து வாழ்வோன் எவ்வூருக்கும் உரியவன் அல்லன் என்ற எண்ணமே கிடையின் பகை.

நாம் கருதத்தக்கது

2001ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், நம் இளைஞர் பல்லாயிரவர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, பொழுது சாய்ந்து மீள்கின்றனர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பொன் தந்த மண்ணில், அடியிலிருந்து எடுத்ததெல்லாம் போக, எஞ்சி நிற்பன சயனைடு கலந்த கழிவு மண் மேடுகள். எடுத்துக்கொண்டே இருந்து திருப்பித் தராத தொழிலின் முடிவு யாதென நம்மைவிட நன்கறிந்தார் யார்? முதலைக் காத்து ஆக்கத்தை நுகர்ந்த 'சாவா மூவாப் பேராடு' நமக்குப் பாடமாவது இக்காரணத்தால்தான்.

பங்காருபேட்டையைச் சூழவும், நம் பூர்விக ஊர்களிலும், இரண்டு ஏக்கரும் மூன்று ஏக்கரும் உடைய குடும்பங்கள் நம்மிடையே உள. உழுவார் இன்றிக் கிடக்கும் அந்நிலங்களை மனைகளாக்கி விற்குமுன், ஆடு வளர்ப்போருக்கு ஒரு பருவம் கிடை போட இடம் தரலாம். உரிய கூலியும், குடிநீருக்கு வழியும் தந்து, சொன்ன சொல்லைக் காத்தால் மந்தை மறுவாண்டும் வரும். ஆடு வாங்கித் தாமே வளர்க்க விழைவோர், சேலம் மாவட்டத்துக்கு உரிய மேச்சேரி இனம் போன்ற நாட்டினங்களைத் தேர்ந்து, துண்டு துண்டாக மேய்க்கும் முறையைச் சிறிய அளவில் தொடங்கலாம். ஊரின் கோமாளமும் மேய்க்கால் புறம்போக்கும் காக்கப்படவேண்டும் எனக் கேட்பதும் நம் உரிமை. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டுள்ளது.

மேய்ச்சல் நிலங்களுக்கும் ஆயர்களுக்கும் உரிய அனைத்துலக ஆண்டாக 2026ஐ ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2022ஆம் ஆண்டு அறிவித்தது. உலகம் பிந்தி அறிந்ததை நம் முன்னோர் முந்தி அறிந்தனர் என்று பெருமை பேசுவதோடு அமைதல் போதாது. வந்த இடத்தில் வாங்கியதைவிட மிகுதியாகத் தந்துவிட்டுப் பெயர்வது கிடையின் அறம். பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்து வந்த நமக்கும் அதனினும் ஏற்ற அறம் வேறில்லை. அவ்வறம் நம் மக்களிடத்தும் நிலைபெறுக.